நாற்பதாவது மீட்டர்

உச்சி வெயிலில், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கிய அளவுநாடாவை அவள் மெல்லச் சுருட்டி எடுக்கிறாள். ஈரம் நாற்பதாவது மீட்டரில்தான் தொடங்குகிறது. நேற்று முப்பத்தாறு. நாற்பதைத் தொட்டால் பம்பை நிறுத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் தாது தேடிப் பாறையைத் துளைக்கும் இயந்திரம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் ஓடுகிறது. கண்ணுக்கு எட்டிய வரை ஈ காக்கை இல்லை. மணிக்கொரு தரம் வயர்லெஸ்ஸில் வரும் அந்த இயந்திரக்காரனின் குரல்தான் இரண்டு மாதமாக அவளுக்கு ஊரும் உறவும்.

"என்னக்கா, கிணத்துக்குள்ளயே குடித்தனம் போயிட்டீங்களா? அளவு என்ன?"

"கத்தாத தம்பி, வந்துட்டேன். நாப்பது."

சொன்ன பிறகும் வயர்லெஸ்ஸின் பேச்சுப் பொத்தானிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை. அது அழுந்தியிருக்கும்வரை அவன் பேசுவது இங்கே கேட்காது. எடுத்தால், பம்பை அணைச்சிடுங்கக்கா, நாங்க மூட்டை கட்டுறோம் என்பான். பம்பின் அதிர்வில் தகரக் கொட்டகை நடுங்குகிறது. கட்டைவிரல் நகம் வெளுக்கிறது. அவளுடைய மூச்சு மட்டும் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"சாப்டியா?" என்று கேட்டுவிடுகிறாள். பதில் வேண்டுமென்றால் இனி விரலை எடுத்துத்தான் ஆகவேண்டும்.