சுவரைத் தாண்டும் ஆம்ப்ளிஃபையர்

தர்மம் வெல்லும்போது பூமி அதிரும் என்பார்கள். ஜெயசீலனுக்குப் பூமி வேண்டாம், பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்ந்தால் போதும். சர்ச்சில் எல்லார் முன்னும் அவன் கிட்டாரைக் “கொசு கத்துது” என்ற எட்வின் அங்கிள், அந்தச் சுவருக்கு அப்பால்தான் மத்தியானம் தூங்குகிறார். பிரேசர் டவுன் இசைக்கருவிக் கடையில், இடுப்புயர ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு ஜெயசீலன் முகத்தில் விழுகிறது. பெட்டி மெல்ல உறுமுகிறது. “புதுசா கத்துக்கிறீங்களா? சின்னதே போதும் பாஸ்,” என்கிறார் கடைக்காரர். “சத்தம் செவுரு தாண்டணும் பாய்.” “எத்தன செவுரு?” “ஒண்ணுதான். ஆனா ஆளு எழுந்து உக்காரணும்.” அவர் சிரிக்காமல் அவன் கிட்டாரில் வயரைச் சொருகுகிறார். ஜெயசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிகளை ஓங்கி இழுக்கிறான். தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடுகிறது. “சுருதியே சேக்கல போலயே பாஸ்.” ஜெயசீலன் கம்பிகளிலிருந்து கையை எடுக்கிறான். வாராவாரம் அவனுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பது எட்வின் அங்கிள்தான்.