அதே நம்பர்தான் வேணும்

“நம்பர் மட்டும் மாறக் கூடாதும்மா. அதே நம்பர்தான் வேணும்.”

பெரியவர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. செல்போன் கடையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அலுத்துவிட்டது. அன்று மாதத்தின் கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு ஆளைத் தன் கம்பெனிக்குச் சேர்த்துவிட்டால் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். வந்து மாட்டியவரோ இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறார்.

“புது சிம்னா பத்தே நிமிஷம் சார். பழசைத் தூக்கிப் போட்டுடுங்க. ஏன் போறீங்கன்னு கேக்கக்கூட ஆள் இருக்காது.”

“அதனாலதாம்மா வேண்டாங்கறேன்.”

“சரி, யார் யாருக்குப் புது நம்பரைச் சொல்லணும்? போனைக் கொடுங்க, நானே எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிடறேன்.”

கொடுத்தார். அதில் இருந்தவை மூன்றே பெயர்கள். காஸ் ஏஜென்சி, எலெக்ட்ரீஷியன், மகன்.

“இந்த மூணு பேருக்காகவா சார் இந்த நம்பரைக் கட்டிக்கிட்டு அழறீங்க?” என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கூப்பிடுவாங்கம்மா. இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க.”

“யாரு, பையனா?”

“பையன் வீட்லதான் இருந்தேன். போன வருஷம், ‘நான் தனியாப் போயிடறேன்டா’ன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாத்தேன். ‘சரிப்பா, பெட்டியை நான் தூக்கிட்டு வரட்டுமா’ன்னான்.” அவர் சிரித்தார். “நல்ல பையன். மூணு மாடி. தானே தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் போனான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை என்றாவது கூப்பிட மாட்டானா என்று இந்த மனுஷன் ஒரு நம்பரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார், அதைப் போய்த் தூக்கிப் போடச் சொன்னோமே என்று தன் மீதே கோபம் வந்தது.

நம்பர் மாறாமல் கம்பெனி மட்டும் மாற, அவர் போனிலிருந்து பழைய கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பினாள். அங்கிருந்து எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வந்தது. விண்ணப்பத்தில் ஏற்றினாள். போட்டோ எடுத்தாள். கையெழுத்து வாங்கினாள்.

“முடிஞ்சுது சார். நாலு நாள்ல மாறிடும். நீங்க கிளம்பலாம்.”

அவர் கிளம்பவில்லை. ஃபேனுக்கு அடியில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவர் கவர் வாங்கிப் போனார். இன்னொருவர் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டுவிட்டுப் போனார். பெரியவர் அசையவில்லை.

கடைசியில் போன் அடித்தது.

“எடுக்காதீங்க சார்!” கடைப் பெண் பதறினாள். “உங்க பழைய கம்பெனியாத்தான் இருக்கும். பேசியே மனசைக் கரைச்சிடுவாங்க!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டார். இளம் பெண் குரல்.

“சார், எங்களை விட்டுப் போறீங்களாமே? எங்ககிட்ட என்ன சார் குறை?”

“குறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“அப்புறம் ஏன் சார்? தயவுசெஞ்சு போகாதீங்க. நீங்க இருக்கணும்னா நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்றார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றார். அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று விசாரித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையப் போகிறது என்று கடைப் பெண் கையைப் பிசைந்தாள்.

“இல்லம்மா. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்” என்றார் கடைசியில்.

“இன்னொரு தடவை யோசிங்க சார். உங்களை விட எங்களுக்கு மனசே இல்ல.”

அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கடைப் பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நல்லவேளை, நீங்க மசியல. இனிமே கவலையை விடுங்க சார். உங்க பையன் எப்பக் கூப்பிட்டாலும் இதே நம்பருக்கு வரும்.”

“அவனா?” பெரியவர் புரியாமல் பார்த்தார். “அவன் எங்கம்மா கூப்பிடப் போறான்.”

எழுந்து வாசல் வரை போனவர், எதையோ மறந்தவர் போலத் திரும்பி வந்தார்.

“உங்க கம்பெனியிலேர்ந்து மாறணும்னா எத்தனை நாள் ஆகணும்மா? போன ரெண்டு கம்பெனியிலயும் தொண்ணூறு நாள் காக்க வச்சுட்டாங்க.”

“இப்பத்தானே சார் வந்தீங்க! அதுக்குள்ள எதுக்கு மாறணும்?”

அவர் கொஞ்சம் தயங்கினார்.

“நான் போறேன்னா, உங்க கம்பெனியிலயும் யாராவது கூப்பிட்டு, போகாதீங்கன்னு சொல்லுவாங்கல்ல?”