நல்ல சளி

இந்த முறையும் எச்சில்தான் வந்தது.

யாஸ்மின் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக நுரை. ஒரு பெரிய குமிழ் உடையாமல் நின்றது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். காசநோயா என்று பார்க்கச் சளி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டப்பா கொடுத்திருந்தார்கள். நேற்று அவள் கொண்டுபோனதைப் பரிசோதனைக் கூடத்து ஜோதிலட்சுமி திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது எச்சி பாப்பா. வாயில இருந்து துப்பாத, நெஞ்சுல இருந்து எடு. காத்தோட்டமா மாடியில நின்னு இருமு."

மாடிக்குப் போக அம்மா விடவில்லை. சுற்றிலும் நாலு வீட்டு மாடி. உத்தமபாளையத்தில் விடிகாலையில் ஒரு கல்யாணப் பெண் மாடியில் நின்று இருமினால், மதியத்துக்குள் கூடலூரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கேட்டுவிடும். அடுத்த பிறைக்கு நிக்காஹ்.

அதனால் குளியலறை. முந்தின நாள் ஊறப்போட்ட துணியின் புளித்த வாடை. தண்ணீர் போகும் துளையில் முடிக்கற்றை சுருண்டு கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இருமினாள். ஓங்கரிப்புத்தான் வந்தது.

சளி நெஞ்சில் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்படி ஒன்று தனக்குள் இருக்கிறது என்பதே அவளுக்குச் சகிக்கவில்லை. சரியாகத்தான் இருமுகிறோமா என்றும் தெரியவில்லை.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"ஏடி, உள்ள பிள்ளையா பெத்துக்கிட்டிருக்க? ஒரு சளியத் துப்ப இம்புட்டு நேரமா?"

கதவைத் திறந்ததும் அம்மா உள்ளே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "குடு இங்கிட்டு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"என்னோடதுதான் வேணும்னு சொன்னாகம்மா."

"உன்னோடதுல ஏதாச்சும் காட்டிக்கிருச்சுன்னா கூடலூர்க்காரக உன்னக் கட்டிக்கிட்டுப் போவாகளா? எனக்கு வெறும் அடுப்புப் புகை இருமல்தான். நோயில்லாத நல்ல சளியாப் போகட்டும்."

நுரையைக் கொட்டி டப்பாவை அலசினாள். பிறகு இருமினாள்.

ஒரே இருமல்தான். கோணித் துணி கிழிவதுபோல அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, கரகரவென்று மேலேறி, தொப்பென்று டப்பாவில் விழுந்தது.

கெட்டியாக, சீழ் மஞ்சளில், டப்பாவின் ஓரத்தில் ஒட்டி மெல்ல வழுக்கி இறங்கியது. விளிம்பில் இழையாகத் தொங்கியதை அம்மா ஆட்காட்டி விரலால் வழித்து உள்ளே விட்டாள். விரலைச் சேலையில் துடைத்தாள்.

யாஸ்மினுக்குக் குமட்டி வாயெல்லாம் நீர் சுரந்தது. ஆனாலும் பார்த்தாள். மஞ்சளுக்குள் சிவப்பாக ஒரு நூல் ஓடியது.

"ரத்தமாம்மா?"

"வெத்தலைடி, கழுத."

விடிகாலைத் தொழுகைக்கு ஒளுச் செய்து, கைகால் கழுவி வாய் கொப்பளித்த பிறகு அம்மா வெற்றிலையைத் தொடவே இல்லை. போட்டதைத் தான்தான் கவனிக்கவில்லையோ? யாஸ்மின் எழுந்ததிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். இல்லை. அம்மா மாவு பிசைந்தாள், அடுப்பு மூட்டினாள், இடியாப்பம் பிழிந்தாள். இருமினாள். அம்மா எப்போது இருமவில்லை? பாத்திரம் உருளுகிற சத்தம்போல அதுவும் அந்த வீட்டின் ஒரு சத்தமாகிப் பல மாதம் ஆகிவிட்டது.

கிளம்பும்போது, வெறும் வயிற்றோடு வெளியே போகக் கூடாதென்று, இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து அம்மா ஒரு வாய் ஊட்டினாள்.

அதே விரல்.

கழுவினாளா? யாஸ்மின் பார்க்கவில்லை. வாயில் அது வழவழவென்று நின்றது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தெருமுனை திரும்பியதும் சாக்கடையில் துப்பினாள். முன்னால் போன அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா ஊட்டியதைத் துப்புகிற மகளை நினைக்க, அந்தச் சாக்கடையைவிடத் தான் நாறுவதாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரி ஜன்னலில் ஜோதிலட்சுமி டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மலர்ந்தன.

"இப்பத்தான் பாப்பா இது சளி!"

அம்மா யாஸ்மினுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சு மகளின் பிடரியில் சூடாகப் பட்டது. யாஸ்மின் விலகப் பார்த்தாள். வரிசையில் இடமில்லை.

ஒன்றும் இல்லையென்று முடிவு வந்தால் நிக்காஹ் நடக்கும். இருக்கிறதென்று வந்தால் மாத்திரை யாஸ்மினுக்கு வரும். எப்படி வந்தாலும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, புகை புகை என்று சொல்லிக்கொண்டு, சிவப்பு நூலைத் துப்பிக்கொண்டிருப்பாள்.

அம்மாவின் விரல்கள் அவள் முதுகைக் கிள்ளின. பேசாமல் இரு என்று அர்த்தம்.

ஜோதிலட்சுமி டப்பாவில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார்.

"யாஸ்மின், வயசு இருபத்திரண்டு. சரிதான?"

"இல்லக்கா" என்றாள் யாஸ்மின். "அம்சத் பீவி. வயசு நாப்பத்தாறு."