சாட்சித் துண்டு

“இன்னும் எத்தனை சீவு வரும் பாப்பா?”

புதுக்கோட்டையில் அந்த லேபில் இனியா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இருளாயி கேட்ட கேள்வி அது. கூட்டித் துடைக்க வருகிற பெண்ணுக்கு மெழுகுக் கட்டையைப் பற்றி என்ன கவலை என்று இனியாவுக்கு விளங்கவில்லை.

“எதுக்குக்கா கேக்குறீங்க? தீந்தா நீங்களா வாங்கித் தரப் போறீங்க?”

“சும்மாத்தான் பாப்பா.”

தீப்பெட்டியைவிடச் சிறிய அந்த மெழுகுக் கட்டைக்குள் இருந்தது, யாருக்கோ தொண்டையில் அறுவை செய்து எடுத்த டான்சில் சதை. நல்ல டான்சிலில் பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் மண்டிக் கிடக்கும். நோயாளியின் சதையைச் சோதிக்கும்போதெல்லாம் கட்டையிலிருந்து வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, அந்தச் சதை இருக்கும் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் இனியா ஒட்டுவாள்.

“இந்த ஆன்டிபாடிங்கிற மருந்து இருக்குல்லக்கா, அது பி செல்லை மட்டும் தேடிப் போயி ஒட்டிக்கும். வேற எதையும் தொடாது. ஒட்டின எடம் பழுப்பாத் தெரியுற மாதிரி சாயம் போடுவோம். ஓரத்துல இருக்குற டான்சில் பழுப்பானாத்தான் எல்லாம் சரியா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்பத்தான் நோயாளி சதை சொல்றதையும் நம்பலாம்.”

“அப்ப அது சாட்சி சொல்லுதுன்னு சொல்லு.”

“ஆமாக்கா. பொய் சொல்லத் தெரியாத சாட்சி.”

அன்றிலிருந்து சாயங்காலமானால் இருளாயி மைக்ராஸ்கோப் பக்கம் வந்து நிற்பாள். “ஒரு தடவ பாத்துக்கிறேன் பாப்பா.” ஓரத்துத் துண்டை மட்டும்தான் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் கண் வைத்த இடத்தை முந்தானையால் துடைப்பாள்.

“லென்ஸைச் சேலையால தொடைக்காதீங்கக்கா. கீறல் விழுந்துரும்.”

“வேர்வை ஒட்டிருச்சு பாப்பா.”

“ஏசி ரூம்ல ஒங்களுக்கு மட்டும் எங்கிட்டிருந்துதான் வேர்க்குதோ.”

நேற்றும் அதே கேள்வி வந்தது. “கட்டை தேஞ்சு போச்சுக்கா. இன்னும் ஒரு சீவு வந்தாப் பெருசு” என்றாள் இனியா. இருளாயி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இன்று காலை கட்டையைக் காணவில்லை.

இனியா அலமாரியைக் கவிழ்க்காத குறையாகத் தேடினாள். லேப் டாக்டர் குணசேகரன் திட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“திருச்சியில வேற கட்டை கேட்டா நாளன்னைக்குத்தான் வரும். அதுவரைக்கும் அந்த ஆளு தாங்க மாட்டாரும்மா.”

அந்த ஆள், குளத்தூர் அழகுமலை. கழுத்தில் வளர்ந்த கட்டி மூச்சுக் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. பி செல் புற்று என்று உறுதியானால் அதற்கென்று மருந்து உண்டு. உறுதியாகாமல் அந்த மருந்தை ஏற்ற மாட்டோம் என்று அவனைச் சேர்த்திருந்த திருச்சி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் நின்ற அவன் மனைவி அன்புமொழிக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

“அவரு போயிட்டாருன்னா செருப்பையும் சட்டையையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கவா சார்? அதையெல்லாம் வச்சு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஆளு வேணும் சார்.”

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த இருளாயியின் கை நின்றது. பிறகு உள்ளே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேசை மேல் கட்டையை வைத்தாள். உடம்புச் சூட்டில் மெழுகு இளகி மினுமினுத்தது.

“என்னக்கா இது? முடிஞ்சு வச்சுக்க இது என்ன வெத்தலைபாக்கா? அங்கிட்டு ஒரு ஆளு மூச்சுக்குத் தவிக்கிறாரு. ஒங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா?”

இருளாயி கட்டையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“சீவு பாப்பா. பையச் சீவு.”

கட்டையை ஐஸில் வைத்து இறுக்கி, கருவியில் பொருத்தினாள் இனியா. முதல் சீவல் கிழிந்தது. அடுத்தது முழுதாக வந்தது. அதன் பிறகு கட்டையில் சதை தீர்ந்து மெழுகு மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஓரத்து டான்சில் அழகாகப் பழுப்பேறியிருந்தது. பக்கத்தில் அழகுமலையின் சதையும் முழுக்கப் பழுப்பு. அவர் திருச்சிக்குப் போன் போட்டார்.

“பி செல்தான். மருந்தை ஆரம்பிங்க.”

“அப்பப் புத்துநோய்தானா சார்?” அன்புமொழி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். “பொழச்சுருவாரா?”

“பாப்போம்மா” என்றார் டாக்டர். எழுந்து அவளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்.

இனியா திரும்பியபோது இருளாயி கேட்காமலேயே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

“நல்லாப் பாத்துக்கங்க” என்றாள் இனியா, கோபம் ஆறாமல். “இனிமே கட்டையில ஒண்ணுமில்ல. நாளையிலிருந்து வேற எடத்துல வேலை தேடிக்கங்க. திருட்டுக் கையோட இங்க யாரும் வேணாம்.”

வாசலிலிருந்து திரும்பி வந்த டாக்டர் இனியாவின் தோளைத் தொட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“திட்டாதம்மா. அந்த டான்சில் அவங்க மக காவ்யாவோடது. ஆபரேஷன்ல எடுத்ததை, லேபுக்கு வேணும்னு நான் கேட்டேன்னு அவங்களே பாட்டில்ல கொண்டாந்து குடுத்தாங்க. நீ வர்றதுக்கு முன்னாடி, ஐப்பசியில, டெங்குக் காய்ச்சல்ல புள்ள போயிருச்சு. தீயில போகாம மிஞ்சினது இந்தக் கட்டை ஒண்ணுதான்.”

இருளாயி தலையை நிமிர்த்தி, வழக்கம்போலக் கண் வைத்த இடத்தின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்; வாளியைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.