நிமிர்ந்தால் கரையேறு

"ஏய் அம்சம்! மறுபடியும் நிமிர்ந்துட்டியா? நடவு நட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

வரப்பிலிருந்து மிராசுதாரின் காரியக்காரர் வீரையன் போட்ட சத்தம் அடுத்த வயல் வரை கேட்டது.

"நான் நிமிர்ந்தா உங்களுக்கு எங்கே வலிக்குது?" அம்சமும் விடவில்லை. சேற்றுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வாயைப் பாரு வாயை. கரையேறுடி!"

"ஏறுறேன். காலையிலேருந்து நட்டதையெல்லாம் புடுங்கி எடுத்துகிட்டு ஏறட்டுமா?"

வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து நின்று சண்டையை வேடிக்கை பார்த்தார்கள். மலர்கொடியும் நிமிர்ந்தாள். ஆனால் அவளுக்கு இந்தச் சண்டை பிடிக்கவில்லை.

இந்த அம்சத்துக்கு வேறு வேலையே இல்லையா? காலையில் வயலில் இறங்கியதிலிருந்து இதே கூத்து. கொஞ்ச நேரம் ஒழுங்காக நடுவாள். அப்புறம் விறைப்பாக நிமிர்ந்து நிற்பாள். வீரையன் கத்துவார், இவள் பதிலுக்குக் கத்துவாள். இரண்டு பேருக்கும் தொண்டை வற்றிய பிறகு எல்லோரும் பழையபடி குனிவார்கள். கரையேறு என்று வீரையன் மிரட்டுவாரே தவிர ஏற்ற மாட்டார். அம்சத்தின் கை வேகம்தான் வரிசைக்கே வேகம். அந்தத் திமிர் அவளுக்கு!

வேறு வருஷமாக இருந்தால் பரவாயில்லை. விவசாயக் கூலிக்கு அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு வந்த முதல் நடவு இது. மிராசுதார் பஞ்சநதத்துக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"சட்டக் கூலி கேட்டீங்கல்ல? அப்ப வேலையும் சட்டமா நடக்கட்டும். நடும்போது நிமிர்றவ கரையேறிட வேண்டியதுதான். குடவாசல் பக்கத்துலேருந்து ஆளு வரத் தயாரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மலர்கொடியால் கரையேற முடியாது. புருஷன் உத்திராபதி, சங்கத்து ஆட்களோடு தரிசு நிலத்தில் இறங்கி ஏர் பூட்டியதற்காகத் திருச்சி ஜெயிலில் இருந்தான். வீட்டில் கைக்குழந்தை. இவள் நட்டால்தான் அடுப்பில் உலை.

அவள் முதுகு அதற்கெல்லாம் இரங்கவில்லை. போன வாரம் நாற்றுக்கட்டைத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்தது, இன்னும் விடவில்லை. நீடாமங்கலம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல, தசைதான் பிடிச்சிருக்கு. குனிஞ்சது குனிஞ்சபடியே இருக்காதே. அப்பப்ப நிமிர்ந்து, இடுப்புல கையை வச்சு லேசா பின்னால சாஞ்சு நில்லு. கட்டைத் தூக்கும்போது முட்டியை மடக்கித் தூக்கு."

"நடவு வயல்ல நிமிர விடமாட்டாங்களே, டாக்டரம்மா."

"அப்ப வலி எப்படிம்மா போகும்?" என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மத்தியானக் கஞ்சிக்கு எல்லோரும் வரப்பில் உட்கார்ந்தபோது மலர்கொடி பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏன் அக்கா, கொஞ்சம் வாயை அடக்கிட்டு இருக்கக் கூடாதா? உங்க வீம்புக்கு எங்க எல்லாரோட பொழப்பும் போகணுமா?"

அம்சம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மற்ற பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்கள்.

"சரிடி. இனிமே வாயே தொறக்கலை, போதுமா?"

மறுபடி வயலில் இறங்கியதும் சொன்னபடியே செய்தாள். பஞ்சநதமும் குடையோடு வந்து வரப்பில் நின்றார். நல்லவேளை, சொல்லி வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள் மலர்கொடி.

அம்சம் நிமிரவில்லை. யாருமே நிமிரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மலர்கொடிக்கு வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள். நட்ட நாற்று சாய்ந்தது. காலையில் இப்படி இல்லையே, எப்படித் தாங்கினோம்?

அப்போதுதான் உறைத்தது. காலையில் சண்டை நடந்தது. சண்டை நடந்தபோதெல்லாம் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அவளும் நின்றாள்.

"அக்கா..." பக்கத்தில் இருந்த அம்சத்திடம் அழாத குறையாக முனகினாள். "முடியல அக்கா."

"தெரியுதுடி. ஆனா ஐயா இங்கேயே பாத்துகிட்டு நிக்கிறாரே. இந்தக் காரியக்காரர்னா ஏமாத்திடலாம். இவர் கண்ணு முன்னாடி நிமிர்ந்தா ஏத்தி விட்டுடுவாரு. கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுக்க முடியவில்லை. கால் மரத்துக்கொண்டு வந்தது. விழப்போகிறோம் என்று மலர்கொடிக்குத் தெரிந்துவிட்டது.

"ஏய் அம்சம்!"

வீரையன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

"என்ன நடவு இது? இவ்வளவு இடைவெளி விட்டிருக்கியே, நடுவுல மாடு கட்டவா? நிமிர்ந்து பதில் சொல்லுடி! எல்லாரும் நிமிருங்க! நிமிர்ந்து இவ நட்ட லட்சணத்தைப் பாருங்க!"

அம்சம் திகைத்துப் போனாள். இத்தனை நாளில் அவராக வலிய வந்து ஆரம்பித்ததே இல்லை. அப்புறம் ரோஷம் வந்துவிட்டது.

"என் நடவுல குத்தம் சொல்ல இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்!"

"ஓஹோ, அவ்வளவு பெரிய ஆளா நீ?"

மலர்கொடி மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் சாய்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

பஞ்சநதம் எரிச்சலோடு கிட்டே வந்தார்.

"நடவு சுத்தமாத்தானேய்யா இருக்கு? பேசாம நட்டுகிட்டு இருந்தவளை எதுக்கு வம்புக்கு இழுக்கறே? பொழுது போவுது, குனியச் சொல்லு."

வீரையன் அம்சத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அடுத்து நின்ற மலர்கொடியைப் பார்த்தார். அவள் கை இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

"இருங்கய்யா, இவளை இன்னும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு" என்றார்.