ஒத்தை சீட்டு

"பின் சீட்டு வேணாம். கழட்டிடுங்க. இதை மாட்டணும்."

பல் டாக்டர் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு புது மட்கார்ட். பின் சக்கரத்தை அழகாக வளைத்து மூடும். அதன் மேல் இன்னொரு ஆள் உட்கார இடம் கிடையாது.

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அந்தப் பெரிய மோட்டார் சைக்கிள் அவருக்குப் புதிதில்லை. பதினாலு வருஷமாக அவர் கைதான் அதில் படுகிறது. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் டாக்டரும் அவர் மனைவி கணக்கு டீச்சரும் அதில் ஏறி, பத்து நாள் மலைப்பக்கம் சுற்றிவிட்டு வருவார்கள்.

"அப்ப டீச்சர் எங்க உக்காருவாங்க?"

"இந்தத் தடவை நான் மட்டும்தான்."

"ஒரு தடவைக்குன்னா சீட்டை ஏன் கழட்டணும்? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"கழட்டுங்க. சொல்றேன்ல."

மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவும் வாசலில் டாக்ஸி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. டீச்சர் இறங்கினார்.

"நிஜமாவே கழட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"பதினாலு வருஷம் பின்னாடி உக்காந்து வழி சொன்னேன். இப்ப பாரமாயிட்டேன்."

"தனியாப் போகணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"போங்க. தாராளமாப் போங்க. போன இடத்துல வழி தெரியாம முழிச்சா எனக்குப் போன் பண்ணாதீங்க."

மெக்கானிக்கிடம் திரும்பினார். "நீங்க ஏண்ணே நிக்கறீங்க? உங்க வேலையைப் பாருங்க. இவர் ஒண்ணு நினைச்சா நினைச்சதுதான்."

டீச்சர் ஏற, டாக்ஸி போய்விட்டது. டாக்டர் சுவரில் தொங்கிய டயர்களை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக் கை ஓடவில்லை. ஐம்பது தாண்டியதும் சில பேருக்குப் புத்தி இப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டார். போல்ட்டுகளைக் கழற்றித் தட்டில் போடும்போது வேண்டுமென்றே டங்கென்று சத்தம் வரப் போட்டார்.

புது மட்கார்டை வைத்துப் பார்த்தால் துளைக்கு நேராகத் துளை வரவில்லை. நாலு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

"எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு பெட்டியில போட்டிருக்கே?" என்றார் டாக்டர்.

"எல்லா வாய்க்கும் பொருந்தற பல்செட் உங்ககிட்ட இருக்கா டாக்டர்?"

டாக்டர் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

துளையை அரத்தால் ராவி நீளமாக்கி, இடையில் வாஷர் கொடுத்து, பின் விளக்கு ஒயரை டயரில் படாமல் ஓரமாகக் கட்டி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

"ஏறி உக்காருங்க. டயர் உரசுதான்னு பாக்கணும்."

டாக்டர் ஏறினார். மெக்கானிக் டார்ச்சோடு தரையில் மல்லாந்து படுத்தார்.

"நல்லா அழுத்தி ஆடுங்க."

வண்டி ஏறி இறங்கியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடம் இருந்தது. உரசவில்லை. ஆனாலும் மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? டீச்சர் மேல என்ன கோவம்?"

மேலேயிருந்து டாக்டரின் குரல் மட்டும் வந்தது.

"அவளுக்கு முதுகெலும்புல டிஸ்க் விலகியிருக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டைத் துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கா. இனிமே வண்டியில ஏறக் கூடாதுன்னு கூடவே இருந்த டாக்டர் லெட்டர்ல எழுதியிருக்கு."

"அதை நேராவே சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்'னு ஏறி உக்காந்துடுவா. நான் போகலைன்னா, 'என்னாலதானே'ன்னு உருகிப் போயிடுவா. இப்ப என்னைத் திட்டுவா. திட்டட்டும். முதுகாவது தப்பிக்கும்."

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். எழுந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த போல்ட்டுகளை இன்னொரு தடவை மெதுவாக இறுக்கினார். தட்டைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்தார்.

"ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க டாக்டர்."

வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. எதிர்க்கடை ஓரமாகத் திரும்பி வந்து நின்றிருந்த டாக்ஸியிலிருந்து டீச்சர் இறங்கினார். ஒரு கை இடுப்பில் இருந்தது. அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார்.

டாக்டர் சொன்னதைச் சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் மெக்கானிக் தவித்தார். "டீச்சர், அவரைத் தப்பா நினைக்காதீங்க. அவரு வந்து..."

"எல்லா போல்ட்டும் நல்லா இறுக்கிட்டீங்களாண்ணே?"

"இறுக்கியாச்சு."

"ரெண்டு நாள்ல மனசு கேக்காம வந்து, பழைய சீட்டையே மாட்டுங்கன்னு நிப்பார். வித்தாச்சுன்னு சொல்லிடுங்க."

மெக்கானிக் விழித்தார். "காலையில நீங்கதானே அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"பின்னே? எனக்கு முடியலைன்னு தெரிஞ்சா, வண்டியையே வித்துட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துடுவார். சண்டை போட்டாத்தான் வீம்புக்காவது கிளம்புவார்."

"ஆனா டீச்சர், இந்த மட்கார்டை வாங்கணும்னு யோசனை பண்ணினது அவருதானே?"

டீச்சர் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கேட்டலாக்ல இந்த மட்கார்ட் இருந்த பக்கத்தை மடிச்சு அவர் மேஜை மேல வெச்சது நான்தாண்ணே."