பூஜையில் வைத்த துப்பாக்கி

"குளுவாங் கடைத்தெரு, ரயிலடி, கள்ளுக்கடை, எங்க வேணா இதைக் கொண்டு போலாம்னு எனக்கு லைசென்ஸ் இருக்கு!" மலாயா ரப்பர் தோட்டத்துக் கோயிலில் இடுப்புக் கைத்துப்பாக்கியைத் தட்டிக் காட்டினார் கங்காணி சடையப்பன்.

"சாமி முன்னாடியுமா?" என்றாள் பால்மரம் வெட்டும் காத்தாயி.

"எவன் தடுப்பான்?"

"யாரு தடுக்கப் போறா? ஆயுத பூஜையாச்சே, எங்க பால்வெட்டுக் கத்தியோட அதையும் வைங்களேன். எல்லாரும் பாக்கட்டும்."

பெருமையில் கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மன் காலடியில் துப்பாக்கியை வைத்தார். பூசாரி குங்குமமிட்டுச் சூடம் காட்டினார்.

சூடம் அணையும்வரை காத்தாயி பொறுத்திருந்தாள். பிறகு போய் வாசலை மறித்து நின்றாள். அவளோடு தோட்டமே நின்றது.

கங்காணியின் கை துப்பாக்கிப் பக்கம் போனது.

"பூஜையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும், ஐயா. அம்மன் பாத்துக்கிட்டிருக்கா. இப்பச் சொல்லுங்க, எதுத்துப் பேசினான்னு எம் புருஷனை எங்க கட்டிப் போட்டிருக்கீங்க?"